ஈரவேலை, உலர்வேலை: ஆம்பூர் நிரலாளன் ஒருவனின் கருத்துகளை முன்வைத்து

'சாப்ட்வேர்ல புதுசா எழுதறது கொஞ்சந்தான்டா. மீதியெல்லாம் எவனோ எழுதி வெச்சு அழுகிப்போனதக் கழுவுற வேலை. எங்க நைனா செஞ்ச அதே வேலைதான். அவருக்குத் தொட்டி, எனக்கு ஸ்க்ரீன். நாத்தம் மட்டும் இல்ல.'

பொங்கலுக்கு ஊர் வந்திருந்த பள்ளித் தோழன் பாலாற்றுப் பாலத்தில் நின்றபடி சொன்னது இது. 2011 முதல் பெங்களூரில் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். அவனுடைய தகப்பனார் ஆம்பூரில் ஒரு தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்தவர். மென்பொருள், வன்பொருள், இந்தத் துறையில் வேலை பார்ப்பது ஆகிய மூன்றைப் பற்றியும் அவனிடம் திட்டவட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. எழுதுடா என்றால் சிரிப்பான். அவற்றை முன்வைத்து இந்தப் பகுதியின் தொழில் வரலாற்றைத் திரும்ப வாசிக்க முடியும் என்று எனக்குப் படுகிறது. குறிப்பாக அந்தக் கடைசி மூன்று வார்த்தைகள். நாற்றம் இல்லாத தொழில் என்ற ஒன்று எப்போது, யாருடைய கைகளை மறைத்து உண்டாக்கப்பட்டது?

தோல் தொழிலில் ஈரவேலை, உலர்வேலை என்று இரண்டு உண்டு. உப்பிட்டு வந்த பச்சைத்தோலை ஊறவைப்பது, சுண்ணாம்பில் போடுவது, மயிர் களைவது, உட்புறச் சதையை வழிப்பது, சுண்ணாம்பைப் போக்குவது, பிறகு பட்டைச் சாற்றிலோ குரோமிலோ பதப்படுத்துவது எல்லாம் ஈரம். உலர்த்தி, மெருகேற்றி, இஸ்திரி போட்டு, அளந்து, தரம்பிரித்துக் கட்டுவது உலர்வு. கூலி, மரியாதை, நோய் மூன்றும் இந்தக் கோட்டை ஒட்டியே பிரிந்தன. ஈரத்தில் நின்றவர்கள் மிகப் பெரும்பாலும் தலித்துகள். மண்டியும் ஏற்றுமதியும் முஸ்லிம் வணிகர் கையில் வளர்ந்தன என்றால், செத்த மாட்டின் தோலைத் தொட்டுக் காசாக்கச் சாதி இந்து மூலதனத்துக்கு வெகுகாலம் கூச்சம் இருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம். (காசைத் தொடுவதில் கூச்சம் இருந்ததில்லை.)

நமது செவ்வியல் பிரதியிலும் இந்தக் கை இருக்கிறது. புறநானூற்று 82ஆம் பாடலில் சாத்தந்தையார் ஒரு மற்போரின் வேகத்துக்கு உவமை தேடுகிறார். கட்டிலுக்கு வார் பின்னுகிறவனின் கையிலுள்ள ஊசி கிடைக்கிறது. ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பிரசவம், மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. அதற்குள் கட்டிலை முடித்தாக வேண்டும். எம்.ஏ. வகுப்பில் இதை உவமைநயம் என்று நடத்தினார்கள். தோழனிடம் சொன்னபோது, 'ரிலீஸ் தேதிடா இது' என்றான். அவன் வாசிப்பே சரி. அந்த வேகம் தொழிலாளியின் இயல்பு அல்ல, அவன்மேல் சுமத்தப்பட்டது. அந்தக் கையின் திறமையை மன்னனின் போருக்குக் கடன்வாங்கிக்கொண்ட பாட்டு, கைக்குச் சொந்தக்காரனை இழிசினன் என்றே குறிப்பிடுகிறது. திறமைக்கும் மதிப்புக்கும் இடையில் ஒரு தொடர்பும் இருந்தாக வேண்டியதில்லை என்பது நம் மரபில் அவ்வளவு பழைய செய்தி.

இனி ஏற்றுமதிக்கு வருவோம். குரோம் பதனீடு அமெரிக்காவில் 1884இல் காப்புரிமை பெற்றது. சென்னைக் கலைப்பள்ளியில் கண்காணிப்பாளராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் இங்கே அதைச் சோதிக்கத் தொடங்கினார். கவலை இறைக்கும் தோல்பைகள் தண்ணீரில் நீண்டநாள் உழைக்க வேண்டும் என்பது நோக்கங்களில் ஒன்று. ஆனால் இந்த வட்டாரம் வெகுகாலம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலையே கட்டுக்கட்டாக லண்டனுக்கு அனுப்பிப் பிழைத்தது. 'இ.ஐ. தோல்' என்பது மண்டிப் பெயர். கிழக்கிந்திய என்பதன் சுருக்கம். கும்பினி போயும் எழுத்து நின்றது. ஈரவேலை இங்கே, மெருகும் முத்திரையும் லாபமும் அங்கே. 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1958இல் அதன் இயக்குநரான நாயுடம்மா, தோலை விஞ்ஞானிகள் தொடத்தக்க பொருளாக்கியவர் எனலாம். 1972இல் சீதாராமையா குழு. அடுத்த ஆண்டு அதன்படி அரைப் பதனீட்டுத் தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டப்பட்டு, முழுதாக முடித்த தோலுக்கும் தோல்பொருளுக்கும் ஊக்கம் தரப்பட்டது. ஆம்பூர் காலணி ஊரானது இதற்குப் பிறகுதான்.

இதே கண்ணால் மென்பொருளைப் பாருங்கள். ராஜீவ் காந்தி அரசின் 1984 கணினிக் கொள்கை, 1991இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள், பிறகு 2000ஆம் ஆண்டுக் கோளாறைத் திருத்தக் கப்பலேறிய, இல்லை, விமானமேறிய படை. எதை ஏற்றுமதி செய்தோம்? பெரும்பகுதி மணிநேரங்களை. அமெரிக்க வங்கிகளின், காப்பீட்டுக் கம்பெனிகளின் பழைய கோபால் நிரல்களில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் இருந்த இடத்தை நாலாக்கும் வேலையை. கோட்பாட்டு மொழியில் 'அறிவுப் பொருளாதாரம்'. ஆம்பூர் மொழியில் இது இ.ஐ. தோல். ஈரவேலை இங்கே, முத்திரை அங்கே. தோலில் இதை அவமானமாகக் கருதி 1973இல் வரம்பு போட்ட அரசு, மென்பொருளில் இதையே சாதனையாக அறிவித்தது. என்ன வித்தியாசம் என்று கேட்டால், இரண்டாவது ஈரத்தில் நின்றவர்கள் யார் என்பதுதான் வித்தியாசம்.

'அதனாலதான்டா, நாம சொந்தமா ப்ராடக்ட் பண்ணணும். சர்வீஸ் பண்ணிப் பண்ணியே செத்துட்டோம்.' இது அவனுடைய இரண்டாவது அபிப்பிராயம். இன்று வலதிலும் இடதிலும் பலர் ஒப்புக்கொள்ளும் அபிப்பிராயமும்கூட. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. முடித்த பொருளுக்கு நகர்ந்த அனுபவம் இந்த ஊருக்கு 50 வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அதில் என்ன நடந்தது? பெண்கள் ஆலைக்கு வந்தார்கள். ஷூவின் மேல்பாகம் தைக்கிற வரிசைகளில் உட்கார்ந்து, வீட்டில் ஒரு குரலைச் சம்பாதித்துக்கொண்டார்கள். இதைக் குறைத்துச் சொல்கிறவன் அந்த வீடுகளை அறியாதவன். ஆனால் தொட்டி அப்படியேதான் இருந்தது. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் கிடந்த தோல் குரோமில் ஒரு நாளில் பதமாகிறது; ஆகவே தோல் பெருகியது, தண்ணீர் பெருகியது, பாலாறு முடிந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் தொட்டியை விட்டு ஏறியபோது அந்த இடத்துக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் வந்தது. 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, அடுத்த தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளிகள். பொருளின் மதிப்பு ஏறுவதும் அதைச் செய்கிறவனின் மதிப்பு ஏறுவதும் இரண்டு வெவ்வேறு கணக்குகள். இதைச் சொன்னபோது அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, 'கரெக்டுதான், ஆனா அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?' என்றான். அந்தக் கேள்வியை நான் எங்கும் இறக்கிவைக்கவில்லை.

தோழனுக்கு ஒருமுறை காலணி ஆலை சம்பந்தமான நிரலில் வேலை வந்தது. தோலில் அச்சுகளை எப்படி அடுக்கி வெட்டினால் குறைவாக வீணாகும் என்று கணக்கிடுகிற நிரல். துணி என்றால் சுலபம்; சுருள் முழுக்க ஒரே மாதிரி. தோல் அப்படி இல்லை. ஒவ்வொரு தோலும் வேறு வடிவம். முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்வு. முள்கம்பி கீறிய தழும்பு, உண்ணி கடித்த குழி, சூடுபோட்ட வடு. ஒரு திசையில் இழுத்தால் நீளும், இன்னொரு திசையில் நீளாது. ஷூவின் முன்பாகத்துக்கு முதுகுத்தோல் வேண்டும், நாக்குப் பகுதிக்கு வயிறு போதும். இரண்டு காலும் ஒரே நிறமாக, ஒரே மாதிரி நீளுவதாக இருக்க வேண்டும். கணித ரீதியாகவே இந்த அடுக்குப் பிரச்சினைக்குத் துல்லியமான விடையை நியாயமான நேரத்தில் கண்டுபிடிக்கும் வழி இதுவரை இல்லை. கணினி ஓரளவு நல்ல விடையோடு சமாதானமாகிறது. அதற்கும் முன்னால் ஓர் ஆள் ஒவ்வொரு தோலையும் விரித்துப் பார்த்து, எங்கே பழுது, எந்த அளவுப் பழுது என்று குறித்துத் தர வேண்டியிருந்தது.

'அந்தக் கட்டர் அண்ணன் கையால தடவிப் பார்த்தே சொல்லிட்டாருடா. நான் ஆறு மாசமா எழுதினத அவரு ஆறு செகண்டுல பண்றாரு. அவருக்கு பீஸ் ரேட், எனக்கு ஸ்டாக் ஆப்ஷன்.'

இங்கிலாந்துக் காலணித் தொழிலில் இப்படித் தோல் வெட்டுகிறவருக்குக் 'கிளிக்கர்' என்று பெயர். கத்தி எழுப்பும் சத்தத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆம்பூர் ஆலைகளிலும் கிளிக்கிங் மெஷின் என்றே வழங்குகிறது. எங்கெல்பார்ட் சுட்டியைச் சபைமுன் காட்டிய 1968க்கு வெகு முன்பே உலகத்தில் கிளிக் செய்துகொண்டிருந்தவர்கள் செருப்பு வெட்டுகிறவர்கள்தான். சொல் இடம்பெயரும்போது கையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவதை நாம் இங்கே காண்கிறோம். கட்டரின் அறிவு 'அனுபவம்' எனப்படும். அதையே நிரலாக எழுதினால் 'அறிவுச் சொத்து' எனப்படும். அனுபவத்துக்குக் காப்புரிமை கிடையாது.

மென்பொருள், வன்பொருள் என்கிற பிரிவே இந்த மறதியின்மேல் நிற்கிறது என்பேன். சந்திரனுக்குப் போன அப்பல்லோ விண்கலக் கணினியின் நிரல் கம்பியால் நெய்யப்பட்டது. காந்த வளையத்துக்கு உள்ளே கம்பி போனால் ஒன்று, வெளியே போனால் சுழி. நெய்தவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகர ஆலைப் பெண்கள். அங்கே நிரலே ஒரு தையல். மென்மை எங்கே முடிந்து வன்மை எங்கே தொடங்குகிறது என்று யாரும் காட்ட முடியாது. 1965இல் ஃபேர்சைல்டு கம்பெனி நவஹோ பழங்குடியினர் நிலத்தில், ஷிப்ராக் என்ற இடத்தில் நுண்சில்லு ஆலை தொடங்கியது; பிறகு, கம்பளம் நெய்கிற பெண்களின் விரல்களுக்கு இந்த வேலை இயல்பாகவே வரும் என்று பெருமையாக விளம்பரம் செய்தது. லிசா நகமுரா இதை விரிவாக எழுதியிருக்கிறார். இயல்பாக வருவதற்குத் தனியாக ஏன் கூலி என்பது அந்தப் பாராட்டின் மறுபக்கம். 1975இல் அமெரிக்க இந்தியர் இயக்கத்தினர் ஆலையைக் கைப்பற்ற, கம்பெனி மூடிவிட்டுப் போனது.

நம் நெடுஞ்சாலையிலும் இதுதான். சென்னை - பெங்களூர்ச் சாலையில் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது ஆம்பூர். மேற்கே போனால் மென்பொருள், கிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூரின் வன்பொருள். 2006 முதல் 2014 நவம்பரில் மூடும்வரை நோக்கியா. பிறகு ஐபோன் பூட்டும் ஆலைகள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் நோயுற்ற தோழிகளுக்காகச் சுங்குவார்சத்திரம் பக்கம் இதே சாலையை மறித்து உட்கார்ந்தவர்கள் அந்தப் பெண்கள். தோழனின் மூன்றாவது அபிப்பிராயம் இங்கே வருகிறது: 'ஹார்ட்வேர்காரனுக்கு யூனியன் சரி. நமக்கு எதுக்கு? புடிக்கலன்னா கம்பெனி மாறிடுவோம்.' 2014 கடைசியில் சென்னையில் மென்பொருள் ஆட்குறைப்பு செய்தியானபோதும் அவன் இதையே சொன்னான். 2016இல் தமிழக அரசு, இந்தத் துறை ஊழியருக்கும் தொழிற்சங்கச் சட்டம் பொருந்தும், சங்கம் வைக்கத் தடையில்லை எனத் தெளிவுபடுத்தியபோதும் அவனுக்கு அது சேதியாகப் படவில்லை. 2024 செப்டம்பரில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் நின்றார்கள். கேட்டவற்றில் முதலாவது சங்கத்துக்கு அங்கீகாரம். அப்போதுதான் அவன் முதல்முறையாக, 'அவங்களுக்காவது நிக்கத் தெரியுதே' என்றான்.

நம் தரப்பும் யோக்கியம் இல்லை. அறுபதுகளில் ஆயுள் காப்பீட்டு ஊழியர்கள் கணினியை எதிர்த்தார்கள். வங்கிச் சங்கங்கள் 1983இலும் 1987இலும் கணினிமயத்துக்கு எல்லை வகுத்து ஒப்பந்தம் போட்டன. அவை வேலையிழப்புக்கு எதிரான நியாயமான போராட்டங்கள். ஆனால் யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்களின் நாற்காலிகளைப் பற்றியவை. ஒரு தலைமுறை கழித்துச் சிறுபத்திரிகைகளில் நாம் தகவல் சமுதாயம், பின்தொழில்மயம் என்று பக்கம் பக்கமாகச் சொல்லாடினோம். வாணியம்பாடியில் தொழில் 'பின்'னாகப் போய்விடவில்லை. கண்ணுக்குப் பின்னால் போயிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். மென்பொருள் பூங்காக்கள் தொடங்கிய அதே 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் ஆலைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வின் தீர்ப்பு: அந்நியச் செலாவணி ஈட்டுகிறது என்பதற்காகச் சூழலை அழிக்க ஒரு தொழிலுக்கு உரிமை இல்லை, மாசுபடுத்துகிறவரே ஈடுகட்ட வேண்டும், ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டது என்கிற கணக்கும் அதில் உண்டு. அடுத்த ஆண்டு, 1997இல் தமிழக அரசின் தகவல்தொழில்நுட்பக் கொள்கை வருகிறது. 2000 ஜூலையில் டைடல் பூங்கா திறக்கிறது. ஒரே பத்தாண்டில் ஒரு ஏற்றுமதித் தொழில் அழுக்கு எனவும் இன்னொன்று சுத்தம் எனவும் தீர்ப்பாகிறது. தீர்ப்பை நான் குறைசொல்லவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தீட்டு, மாசு என்று நமக்கு இரண்டு சொல் இருக்க, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'பொல்யூஷன்' என்ற ஒரே சொல்தான். மாசை அகற்றச் சொன்ன காலத்தில் தீட்டு எங்கே போனது என்பது கேட்கப்படாமலே இருந்தது. அது 'மெரிட்' என்ற பெயரில் குளிரூட்டிய கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சென்னை ஐ.ஐ.டி.யைப் பற்றிய அஜந்தா சுப்பிரமணியனின் 2019ஆம் ஆண்டு நூல், கைத்தொழிலறிவும் கருத்தறிவும் காலனியக் காலத்தில் எப்படிச் சாதிவாரியாகப் பிரிந்து, பிறகு தேர்வு மதிப்பெண்ணாக உருமாறியது என்று காட்டுகிறது.

தோழன் பொறியியலுக்குள் நுழைந்தது தமிழகத்தில் நுழைவுத் தேர்வு ரத்தான 2007இல். வேலையில் சேர்ந்த முதல் மாதம், மதியச் சாப்பாட்டு மேசையில் ஊர் எது என்று கேட்டிருக்கிறார்கள். ஆம்பூர் என்றதும் எல்லோரும் பிரியாணி என்றார்கள். அடுத்த கேள்வி, அப்பா என்ன செய்கிறார். 'லெதர்' என்றிருக்கிறான். 'ஓ, லெதர் பிசினஸா' என்று ஒருவர் சொல்ல, இவன் மறுக்கவில்லை. அந்த மேசையில் அவன் 14 வருஷம் தோல் வியாபாரி மகனாக இருந்திருக்கிறான். பாலத்தில் நின்று இதை என்னிடம் சொன்னது அன்றுதான் முதல்முறை. நாற்றம் மட்டும் இல்லை என்று ஏன் சொன்னான் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டோருக்கு ஈட்டை முழுதாகக் கொடுத்து முடிக்கவும், அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும் உத்தரவு. 29 வருஷம். அந்த ஈட்டு விவாதங்களில் நிலம் கெட்டவருக்கு இடம் உண்டு. தோல் கெட்டவருக்கு, அதாவது தொட்டியில் தன் தோல் கெட்டவருக்கு, தலைப்பே இல்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். 'வாப்பா' என்று அவனுடைய நைனா எழுந்து நாற்காலி போட்டார். 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளுக்குக் கைரேகை எந்திரம் வந்ததிலிருந்து அவருக்குச் சங்கடம். முப்பது வருஷச் சுண்ணாம்பு ரேகையைத் தின்றுவிட்டது. விரலை வைத்தால் எந்திரம் ஏற்பதில்லை. துடைத்து வைப்பார், எண்ணெய் தொட்டு வைப்பார், வேறு விரல் வைப்பார். கடைசியில் அம்மா போய்தான் அரிசி வாங்குகிறார். மகன் அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே எனக்கு விளக்கினான். 'ரேகை முழுசாப் பொருந்தணும்னு இல்லடா. எவ்ளோ பொருந்தினா போதும்னு உள்ள ஒரு நம்பர் இருக்கும். எங்கியோ உக்காந்து எவனோ ஒருத்தன் அத டைப் பண்ணியிருப்பான். என்ன மாதிரி ஒருத்தன்.'

பெரியவர் கையை இழுத்துக்கொண்டு, 'டீ குடிச்சிட்டுப் பேசுங்கப்பா, ஆறிடப்போவுது' என்றார்.